மலைக்கு அந்தப் பக்கம்: ரயிலும் படகும் நாமே கோத்த பயணம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் அழைத்து, "என்ன வேணும்னாலும் பேசு தம்பி, உன் கம்பெனியப் பத்தி மட்டும் பேசாத, போன வருஷம் பேசுனவரு அதையே பேசிக் கூட்டத்தக் கலைச்சுட்டாரு" என்றார். அதனால் என் வேலையைப் பற்றிப் பேசப் போவதில்லை. கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்களின் பராமரிப்பில் இருக்கிறேன் என்பதோடு அது முடிந்தது. நான் பேச வந்தது ஒரு ரயில், சில படகுகள், அவற்றை ஏஜென்ட் இல்லாமல் நாமே கோத்துக்கொள்ளும் வித்தை, இவ்வளவுதான்.

நம் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறந்தவர்களுக்கு மேற்கே திரும்பினால் மலை. ஆனி, ஆடி மாதங்களில் அதன் உச்சியில் மேகம் கட்டி நிற்கும். காற்று மட்டும் நமக்கு வரும், மழை அந்தப் பக்கம் பெய்துவிடும். என் அப்பா இங்கே ஒரு நூற்பாலையில் 34 வருடம் மூன்று ஷிப்டும் பார்த்தவர். ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது அந்த மேகத்தைப் பார்த்து, "அந்தப் பக்கம் போய் ஒரு தடவ நனையணும்டா" என்பார். ரிட்டையர் ஆன பிறகும் அது வாயளவில்தான் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

2024 கடைசியில் ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் விசாரித்தேன். நாலு நாள், 11 இடம், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். "அம்மா வேகமா நடக்க மாட்டாங்களே" என்றேன். "அதுக்கென்ன சார், அந்த மாதிரி எடத்துல அம்மாவ வேன்லயே உட்கார வச்சிடுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 20 பேரைக் கூட்டிப் போகிறவர் 20 பேரின் வேகத்தில்தான் போக முடியும். ஆனால் பிள்ளைகளை எல்லாம் கரையேற்றிவிட்ட ஒரு மனுஷி ஊர் பார்க்க வந்த இடத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டுமா? நாமே போவோம் என்று அன்று முடிவு செய்தேன்.

ரயிலையும் கப்பலையும் கோத்துப் போவது நமக்குப் புதிதல்ல. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ஒரே ஒரு டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்தது. கப்பல் தாமதமானால் என்ன, ரயில் பிந்தினால் என்ன என்று பயணி கவலைப்பட வேண்டியதில்லை. சேர்த்துவிடுவது டிக்கெட் கொடுத்தவர்கள் பொறுப்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்த ஏற்பாடும் போயிற்று. இன்றைக்கு ரயிலுக்கு ஒரு டிக்கெட், படகுக்கு ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் அந்த இடைவெளிக்குத்தான் யாரும் பொறுப்பில்லை. ஆகவே நாமே புக் செய்யும்போது நம் மூளையைச் செலவழிக்க வேண்டியது இணைப்புகளில்தான்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு நினைவிருக்கும்: பெர்ட், சி.பி.எம். என்று வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டு, எந்த வேலை பிந்தினால் மொத்தமும் பிந்தும் என்று கண்டுபிடிப்போம். 'ஸ்லாக்' என்று ஒரு சொல் வரும், கையிருப்பு நேரம். பரீட்சைக்காகப் படித்த அந்தக் கணக்கை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போட்டேன். எங்கள் வட்டங்கள் இவை: ராஜபாளையம், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம், வைக்கம், கொச்சி, மறுபடி ராஜபாளையம்.

முதலில் மலைப்பாதை. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் 49 கிலோமீட்டர். 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்தது. நான் இறுதியாண்டு படித்தபோது, 2010 செப்டம்பரில், அகலப்பாதை வேலைக்காக வண்டியை நிறுத்தினார்கள். முழுப் பாதையும் திரும்ப முறைப்படி திறந்தது 2018 ஜூனில். எட்டு வருடம் அந்த மலையில் கூவல் சத்தம் கிடையாது. கழுதுருட்டி பக்கத்தில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி, அதன் மேலேயே புதுப் பாதையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சிவில் நண்பர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய வேலை அது. பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று குகைக்குள் நுழைந்தும் வளைந்தும் மெதுவாகத்தான் வண்டி போகும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

இந்த மலையைப் பகலில் கடக்கும் வண்டியைப் பிடிப்பதுதான் திட்டத்தின் ஆணிவேர். சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸ், போகும்போது நடுராத்திரி தாண்டி நம் ஊரைக் கடக்கிறது. மலையில் பாதி இருட்டில் போய்விடும். எர்ணாகுளம் - வேளாங்கண்ணி வண்டி வாரத்துக்கு இரண்டு நாள்தான். 2023 ஆகஸ்டில் வந்த மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ்தான் நமக்குத் தோது. தினமும் உண்டு. மதியம் நம் ஊரில் ஏறினால் சாயங்கால வெயிலில் மலை, இரவுக்குள் கொல்லம். திரும்பும்போது காலையில் எர்ணாகுளத்தில் ஏறினால் பிற்பகலில் மலை. நேரங்கள் மாறக்கூடியவை, புறப்படும் முன் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி புக்கிங் கணக்கு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று: எது அரிதோ அதை முதலில் பிடியுங்கள். அந்த மலை ரயில் நாளுக்கு ஒன்று. முன்பதிவுப் பெட்டிகளும் அதிகம் இல்லாத வண்டி. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகளோ நாளுக்குப் பலமுறை போகின்றன. அவற்றுக்கு முன்பதிவு வேண்டாம். ஏறிய பிறகு கண்டக்டரிடம் சீட்டு வாங்கலாம். ஆகவே போகிற ரயில், வருகிற ரயில் இரண்டையும் முதலில் உறுதி செய்துவிட்டுத்தான் லாட்ஜைத் தேட வேண்டும். நம்மில் பலர் தலைகீழாக, ரூம் போட்டுவிட்டு டிக்கெட்டுக்கு அலைகிறோம்.

இரண்டு: தேதி. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். காலை 8 மணிக்குத் திறக்கும். 2025 அக்டோபர் முதல், திறக்கிற நாளின் தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்கு உள்ளவர்களே ஆன்லைனில் எடுக்க முடியும் என்று ஆகியிருக்கிறது. தட்கலுக்கும் அதே. அந்த வேலையை முந்தின நாள் ராத்திரி வைத்துக்கொள்ளாமல் இப்போதே முடித்து வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம். மகர ஜோதி கழிந்தால் வண்டி காலியாகும். நாங்கள் 2025 ஜனவரிக் கடைசியில் போனோம்.

மூன்று: வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி இணைப்புப் பயணம் போடாதீர்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அந்த ஒரு கண்ணி போனால் அதன் பின்னால் கோத்தது எல்லாம் போகும்.

நான்கு: வயதானவர்களுக்கான இடம். 2020 மார்ச்சோடு மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை நின்றுவிட்டது. ஆனால் 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பேர். அதனால் அப்பா அம்மாவுக்கு ஒரு டிக்கெட்டும் எனக்குத் தனி டிக்கெட்டுமாக எடுத்தேன். பகல் பயணத்தில் கீழ்ப் படுக்கை என்றால் ஜன்னல் பக்கம் உட்கார வாய்ப்பு.

ஐந்து: ரயிலுக்கு ரயில் மாறுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பயணிகளின் பெயர், வயது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி தவறினால், போகாத பகுதிக்கான பணம் திரும்பக் கிடைக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து நம் பக்கம் வண்டி மாறுகிறவர்களுக்கு இது உபயோகம். ஆனால் படகுக்கும் ரயிலுக்கும் இப்படி முடிச்சுப் போட வழியில்லை. அங்கே நமக்குக் கைகொடுப்பது கையிருப்பு நேரம் ஒன்றுதான்.

ஆறாவதுதான் முக்கியம். கையிருப்பு நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது? கூகுள் மேப்பில் பத்து நிமிட நடை என்று காட்டும். அது யாருடைய நடை? உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைதான் உங்கள் டைம்டேபிள். அம்மாவை எங்கள் தெருவில் இயல்பாக நடக்கச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பத்து நிமிடம் ஆகும் தூரத்துக்கு அவருக்கு 25 நிமிடம். அந்த விகிதத்தை எல்லா இணைப்புக்கும் போட்டேன். அதற்கு மேல் ரயில் தாமதத்துக்கு என்று தனியாக ஒரு மணி நேரம். கடைசிப் படகை நம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதற்கு முந்தின படகுதான் நம் படகு. முன்பதிவு செய்த இரண்டு பயணங்கள் ஒரே நாளில் வராமலும் பார்த்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கு பலித்த இடத்தைச் சொல்கிறேன். முதல் நாள் கொல்லத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ரயிலில் ஆலப்புழை. படகுத்துறை பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. கோட்டயம் படகு வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே எட்டில் ஏறுகிறார்கள். நம் ஊரில் டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். படகு ஆடுகிறது, படியில் ஈரம். அம்மா ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். என்னைப் பார்த்து, "ஏப்பா, இது போகட்டும், அடுத்ததுல போவோமா?" என்றார். கேட்ட குரலில் பயம் இருந்தது. படியைப் பார்த்து வந்த பயம் இல்லை. தன்னால் எல்லோருக்கும் தாமதமாகிறதே என்கிற பயம். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

"தாராளமா போவோம்மா, நமக்கு நேரம் கிடக்கு" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, தாளிலேயே எழுதி வைத்திருந்த நேரம் அது. துறையில் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பிரித்தோம். எதிரே இருந்த ஒரு சேச்சிக்கும் கொடுத்தோம். மலையாளமும் தமிழும் கலந்து அம்மாவும் அவரும் முழங்கால் வைத்தியம் பேசி முடிப்பதற்குள் அடுத்த படகு வந்துவிட்டது. இந்த முறை படகுக்காரர் கை கொடுத்தார், அந்தச் சேச்சி பின்னால் தாங்கினார், அம்மா ஏறி முன் வரிசையில் உட்கார்ந்தார்.

இரண்டரை மணி நேரம். புன்னமடை, வேம்பநாட்டு ஏரி, பிறகு வாய்க்கால்கள். குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் போடுகிறார்கள். படகில் இருந்து பார்த்தால் தண்ணீர் மேலே, வயல் பள்ளத்தில்! ஹவுஸ்போட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கிற அதே ஏரி. இந்தப் படகுக்கு ஆளுக்கு ஒரு ஹோட்டல் தோசை விலைகூட ஆகாது. ஒரு எச்சரிக்கை: சில காலங்களில் இந்தப் படகு கோட்டயம் வரை போகாமல் காஞ்சிரம் துறையோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். துறையில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30-இல் சத்தியாகிரகம் தொடங்கிய ஊர். ஈரோட்டிலிருந்து போய்ப் பெரியார் சிறை சென்ற ஊர். அவருடைய நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருந்தார்கள். அப்பா அங்கே நிதானமாக ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். யாரும் விசில் ஊதிக் கூப்பிடவில்லை.

வைக்கத்திலிருந்து ஏரியின் அக்கரையில் உள்ள தவணக்கடவுக்குப் படகு. இந்தத் துறையில்தான் 2017 ஜனவரியில் இந்தியாவின் முதல் சூரிய சக்திப் பயணிகள் படகான 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. 75 பேர் உட்காரலாம். கூரையில் சுமார் 20 கிலோவாட் சோலார் தகடுகள். ஒரு டீசல் படகை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருந்தோம். அப்பாவுக்கு ஸ்பின்னிங் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். வீட்டில் நாங்களும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். அந்தப் படகு கிளம்பியதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "மெஷின் ஓடுதாடா?" என்று மெதுவாகக் கேட்டார். ஓடுது என்று தலையசைத்தேன். "இப்படி ஒண்ண அப்பவே கண்டுபிடிச்சிருக்கலாம்ல" என்றார். பராமரிப்புத் துறையில் இருக்கிற எனக்கு அந்தக் கேள்வி இன்னும் பாக்கி நிற்கிறது. இன்று படிக்கிற நீங்களும் அதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சேர்த்தலை வழியாக எர்ணாகுளம். கொச்சியில் 2023 ஏப்ரல் 25-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவைப் பொறியியல் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய பேட்டரிப் படகுகள். அதைவிட எனக்குப் பிடித்தது துறை. அதை மிதவையாகவே அமைத்திருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகலாம். ஆலப்புழையில் மூன்று பேர் சேர்ந்து ஏற்றிவிட்ட அம்மா, இங்கே யார் கையையும் பிடிக்காமல் நடந்து உள்ளே போனார். டிசைன் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் முழுப் பயன் அந்த இரண்டு எட்டில் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை எர்ணாகுளத்தில் ரயில் ஏறி, மலையைத் திரும்பவும் பகலில் பார்த்துக்கொண்டே மாலையில் ஊர் வந்தோம். செலவு, அந்த ஏஜென்ட் சொன்ன தொகையில் பாதிக்குச் சற்று மேல். 11 இடம் பார்க்கவில்லை, நாலைந்து இடம்தான். ஆனால் எந்த இடத்திலும் யாரும் வேனுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. ஜனவரி என்பதால் அப்பா நனையவும் இல்லை. அதற்கு ஓர் ஆனி மாதப் பயணம் பாக்கி இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் நண்பர்கள், இதையே இலங்கைக்குச் செய்யலாமா என்று கேட்டார்கள். செய்யலாம். அந்த வேளாங்கண்ணி வண்டி நம் ராஜபாளையத்திலிருந்தே நாகப்பட்டினம் போகிறது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது நிறுத்திவிடுவார்கள். அக்கரையில் யாழ்ப்பாணம், கொழும்பு, மலையகம் என்று ரயிலிலேயே போகலாம். மலையகப் பாதையை 2025 நவம்பரில் டிட்வா புயல் பல இடங்களில் சிதைத்தது. எதுவரை வண்டி போகிறது என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். கணக்கு அதேதான்: வாரத்துக்கு இரண்டு நாள் ரயில், வானிலையைப் பார்த்துப் போகும் கப்பல். இரண்டில் நிச்சயம் குறைந்தது கப்பல். அதை மையமாக வைத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சும்மா விட்டு, மற்றதைக் கோக்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நூறு விஷயம் கற்றுக்கொள்கிறீர்கள். ஒரு ரயில் அட்டவணையைப் படித்து, நாலு இணைப்பைக் கோத்து, அதில் எது அறுந்தாலும் என்ன செய்வது என்று தாளில் எழுதிப் பார்ப்பதும் பொறியியல்தான். செலவில்லாத லேப் அது. முதல் பயணம் நண்பர்களோடு போங்கள். ஓடி ஏறுங்கள், தப்பில்லை. இரண்டாவது பயணத்துக்கு வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போங்கள். முதல் திட்டத்தில் நீங்கள் போட்ட கையிருப்பு நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள். அந்தக் கூடுதல் நேரம் வீணாகாது.